பன்னிரண்டு ஜோடிச் செருப்பு

"மறுபடியும் செருப்பா?"

ரத்ரிக்கு அழுகையே வந்துவிட்டது. நூலகத்தின் இணையப் பக்கத்தில் இந்தச் சனிக்கிழமையும் அதே படம். வாசலில் கழற்றிப் போட்ட பன்னிரண்டு ஜோடிக் குட்டிச் செருப்புகள். கீழே, 'இன்று கதை கேட்க வந்தவர்கள்' என்று ஒரு வரி.

"ஏன், வரிசையா அழகாத்தானே இருக்கு?" என்றாள் நூலகர் சுமர்னி அக்கா.

"சிரிக்கிற முகம் வேணும்க்கா. எந்த ஊர் நூலகம்னு இடத்தைக் குறிக்கணும். இதைப் பார்த்தா ஏதோ தொழுகை நேரம்னு நினைச்சுப்பாங்க."

"எனக்குக் கை நடுங்குதும்மா. வேற எதையோ அமுக்கிடறேன்."

ஜாவா மலையோரத்துச் சின்ன ஊர் அது. நூலகருக்கு இணையம் பழக்க மாவட்ட அலுவலகம் அனுப்பியவள் ரத்ரி. ஆறு வாரம் முடிந்துவிட்டது. அறிக்கையில் 'தேர்ச்சி' என்று எழுதினால் சுமர்னி அக்கா இங்கேயே இருப்பாள். இல்லாவிட்டால், எங்கோ தள்ளி இருக்கும் பழைய புத்தகக் கிடங்குக்கு மாற்றல். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

பாவமாக இருந்தது. உள்ளே கதைநேரம் முடிவதற்குள் ரத்ரி தானே ஒரு படம் எடுத்தாள். முன்பல் விழுந்த நினிங் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவள் அம்மா வுலான் வழக்கம்போலப் பின்கதவை ஒட்டி, மடியில் பையோடு. ஊர்ப் பெயரோடு ஏற்றினாள். சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் பார்த்துவிட்டார்கள்.

"பாருங்கக்கா! நீங்க எடுத்ததாவே எழுதிடறேன். பாஸ்னு போட்டுடறேன்!"

சுமர்னி அக்காவின் முகம் வெளுத்தது. போனை வாங்கினாள். அடுத்த நொடி படம் இல்லை.

"அய்யய்யோ, கை பட்டு அழிஞ்சுபோச்சேம்மா."

இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று. விறுவிறுவென்று எழுதினாள் ரத்ரி: 'தேர்ச்சி இல்லை. ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் சொந்தமாக ஒரு படம் ஏற்றத் தெரியவில்லை. எதைத் தொட்டாலும் தவறு.'

சுமர்னி அக்கா கையெழுத்துப் போட்டாள். அப்போது மட்டும் கை நடுங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒருவன் வந்தான். சுரபாயாவிலிருந்து இரவெல்லாம் பைக் ஓட்டிச் சிவந்த கண்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை நீட்டினான். அழித்த அதே படம்.

"இதைப் போட்டது யாரு? என் பொண்டாட்டி, என் பொண்ணு. எட்டு மாசமாத் தேடறேன். கையில கிடைக்கட்டும் அவ..."

ரத்ரி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நான்தான் தம்பி" என்றாள் சுமர்னி அக்கா. "சிரிக்கிற குழந்தைங்க படம் இல்லைன்னு திட்டினாங்க. வேற எங்கேயோ கண்ணுல பட்டதை எடுத்துப் போட்டுட்டேன். எந்த ஊர்ப் படமோ!"

"இதே நீல அலமாரிதானே பின்னால தெரியுது?"

"எல்லா ஊர் நூலகத்துக்கும் அரசாங்கம் குடுத்தது இந்த அலமாரிதான். நம்பலைன்னா இதைப் படிங்க, என் லட்சணம் தெரியும்."

அறிக்கையை நீட்டினாள். அவன் படித்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்களையெல்லாம் வேலைக்கு வெச்சிருக்கான் பாரு!"

காகிதத்தை வீசிவிட்டுப் போனான். பைக் சத்தம் அடங்கியதும் ரத்ரி அதைப் பொறுக்கி எடுத்தாள்.

"அக்கா... உங்களுக்கு எல்லாம் தெரியும், இல்ல?"

"முதல் வாரமே வந்துடுச்சும்மா. நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்தே. ஆனா வுலான் நூலகக் கார்டு கேட்டு வந்தன்னைக்கு, 'விலாசம் எழுதாம தருவீங்களா'ன்னு கேட்டா. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கல."

அடுத்த சனிக்கிழமை வாசலில் பதினோரு ஜோடிச் செருப்புதான் இருந்தது.

ரத்ரி மடிக்கணினியைத் திறந்தாள். "அறிக்கையை மாத்திடறேன்க்கா. இன்னிக்கு வரைக்கும் மாத்தலாம்."

சுமர்னி அக்கா அதை மெல்ல மூடினாள்.

"வேண்டாம்மா. அவன் மறுபடி விசாரிச்சுக்கிட்டு வந்தா, நான் ஒண்ணும் தெரியாதவளாவே இருக்கணும்."