ஊரடங்கும் ஏழாவது பாட்டும்

“கிளட்ச்சை விட்டுடாதே, அப்படியே பிடி!” என்று கத்திக்கொண்டே நான் பின்பக்கமாக நடந்தேன்.

என் இரண்டு கைகளும் மாமனாரின் கைகளில் இருந்தன. பக்கத்தில், எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, என் டிரைவிங் ஸ்கூல் கார் ஊர்ந்து வந்தது.

ஓட்டியது கல்யாணப் பெண். என் நாத்தனார். லைசென்ஸ் டெஸ்டில் நான்கு முறை தோற்றவள். குருவி தலையில் பனங்காய்தான், ஆனால் என் கணவருக்கு ஓட்டவே தெரியாது, வேறு ஆளில்லை.

காருக்குள் ஏழாவது பாட்டு அலறியது. டும், டும், டும், டும்.

பதிவு அலுவலகத்தின் கேட்டிலிருந்து வாசல்வரை நாற்பது அடி. மகள் கல்யாணத்துக்கு முதல் சாட்சிக் கையெழுத்து மாமாவுடையது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவதாக இருந்தால் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு வருடமாக அவருக்கு நடுக்குவாதம். கை நடுக்கம்கூடப் பரவாயில்லை. நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அவர் போ என்பார், அது கேட்காது.

தாளத்தோடு எதையாவது போட்டு நடக்கவையுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். பழைய பாட்டு போட்டோம். ராணுவ பேண்டு போட்டோம். கால் மசியவில்லை.

மசிந்தது இந்த சிடிக்குத்தான்.

செகண்ட் ஹாண்டில் கார் வாங்கியபோதே அது பிளேயருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே வராது. சாவியைத் திருப்பினால் பாடும். பிரெஞ்சு ஹவுஸ் நடன இசைத் தொகுப்பு, பதினான்கு பாட்டு என்று காலி உறையில் போட்டிருந்தது. ஒரே வரியை நூறு தடவை பாடுவார்கள். நடுவில், வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டதுபோல் சத்தம் அமுங்கிப்போகும். தலையைத் தூக்கியதும் டிரம் வந்து நெஞ்சில் மோதும். என்னிடம் படித்தவர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டுத்தான் ரிவர்ஸ் எடுத்தார்கள்.

மாமா நாற்பது வருடம் நூலகர். வாழ்நாளில் அவர் அதிகம் பேசியது “ஷ்ஷ்” மட்டும்தான். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வீட்டில் டிவி வாயை மூடிவிடும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஊரடங்கு.

போன மாதம் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது இன்ஜினை அணைக்க மறந்துவிட்டேன். ஏழாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊரடங்கு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதனால்தான் இந்த ஊர்வலம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குமாஸ்தாக்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் நின்ற மாப்பிள்ளை தோளைக் குலுக்க ஆரம்பித்திருந்தார். பின்னால் என் கணவர், மடித்த சக்கர நாற்காலியைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் மறைத்துத் தூக்கி வந்தார். மாமனாரோடு கைகோத்து ஆடிக்கொண்டே கல்யாணத்துக்குப் போன மருமகள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கல்யாணப் பெண் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டாள். கிளட்ச்சிலிருந்து கால் எழுந்துவிட்டது.

கார் ஒரு குதி குதித்து நின்றது.

வண்டி நின்றால் பதறாதே, சாவியை அணைத்துவிட்டு மறுபடி திருப்பு. நானே நூறு தடவை சொல்லிக்கொடுத்தது. அச்சுப் பிசகாமல் செய்தாள். ‘கடக்’ என்றது. மறுபடி ‘கடக்’.

பேட்டரி செத்திருந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. காலையில்கூடத் தள்ளித்தான் கிளப்பினோம். விளக்கை அணைக்காமல் இறங்கிவிடுகிறாய் என்று தினமும் அவளைத் திட்டித் தீர்த்தேன். இல்லை அண்ணி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வாள்.

பாட்டு நின்றதும் மாமாவின் கால் நின்றது. வாசலுக்கு இன்னும் பதினைந்து அடி.

கணவர் போர்வையை உருவ ஆரம்பித்தார். நான் “டும் டும்” என்றேன். மாப்பிள்ளை கை தட்டினார். ஒரு குமாஸ்தா ஜன்னல் கம்பியில் தாளம் போட்டார். ஒருவர் தாளம் இன்னொருவருக்கு ஒத்துப்போகவில்லை.

“ஷ்ஷ்!”

அத்தனை பேரும் கப்சிப்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். என் கைகளிலிருந்து தன் கைகளை உருவிக்கொண்டார். வலது கால் எழுந்தது. பிறகு இடது. ஒரே சீராக நான்கு எட்டு, எட்டு எட்டு.

நடுவில் சட்டென்று நின்றார். என் உயிர் போய்விட்டது. பிறகுதான் பிடிபட்டது: ஏழாவது பாட்டில் சத்தம் அமுங்கும் இடம் அது. டிரம் வரும்வரை காத்திருந்து, வந்ததும் கிளம்பினார்.

வாசலில் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். நாத்தனார் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடி வந்தாள். மாமா என் பக்கம் குனிந்து, நூலகத்துக் குரலில் சொன்னார்:

“பேட்டரிய தீர்த்தது நான்தாம்மா. மத்தியானம் நீ தூங்கினதும் கார்ல போய் உக்காந்து கேப்பேன். அவளத் திட்டாத.”

கையெழுத்துப் போட உள்ளே போய்விட்டார்.

நான் வாசலிலேயே நின்று கணக்குப் போட்டேன். அவர் கட்டிலிலிருந்து கார் நிற்கும் இடம் முப்பது அடி. அதைத் தினமும் தனியாக நடந்து போயிருக்கிறார்.

பாட்டு இருப்பது காருக்குள்.