ஏழாவது தடை

தடை ஓட்ட இறுதிப் போட்டிக்கு முன் எட்டு வீராங்கனைகளின் வெற்றி வாய்ப்பையும் கணிக்கும் இயந்திரம், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காலிக் கட்டத்தைக் காட்டி, அதை இயக்கும் தனராஜிடம் கேட்கும்: "வேறு ஏதாவது தெரியுமா?" வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் ஓடவே விடமாட்டார்கள். பன்னிரண்டு வருடங்களில் அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. மகள் பெனிட்டாவின் பெயர் வந்தபோதும் விரல்கள் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டன: ஏழாவது தடையில் இடது முட்டி வலிக்கும்.

சாயங்காலம், ஓடுபவர்கள் பட்டியலில் பெயர் விடுபட்ட பெனிட்டா புது ஷூவைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"உங்ககிட்ட மட்டுந்தானப்பா சொன்னேன்? அந்தப் பாழாப்போன மிஷினு வீட்டுக்குள்ளயும் ஒட்டுக்கேக்குது!"

"ஆமாம்மா, கேக்குது போல" என்றார் தனராஜ், அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி.

அவள் குனிந்து கிசுகிசுத்தாள்: "இனிமே எதுன்னாலும் உங்க காதுலதான் சொல்லுவேன்."