பெயர்ச் சக்கரம்

சக்கரம் சுற்றத் தொடங்கியது. அவள் கண் இமைக்கவில்லை.

ஸ்மார்ட் போர்டு முழுக்க வண்ணத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெயர். முள் யார் பெயரில் நிற்கிறதோ அந்தப் பிள்ளை போய்ப் போர்டைத் தொட்டு விடை சொல்ல வேண்டும்.

அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே வந்த போர்டு அது. 'கற்றல் குறைபாடுடைய மாணவர்களுக்காக' என்று மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். என்ன பிரயோஜனம்? அவளுக்குத்தான் அதைப் படிக்க வராது.

ஆனால் நேற்று ஒரு சொல் வந்துவிட்டது.

வாரம் ஒரு நாள் வரும் சிறப்பு டீச்சர், எட்டு மாதமாக அவள் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்த சொல். முதலில் இரட்டைக் கொம்பு. அப்புறம் ம. அப்புறம் க. கடைசியில் கால் போட்ட ல.

மேகலா.

அவள் பெயர்.

"அடி என் தங்கமே, படிச்சிட்டியேடி!" என்று அந்த டீச்சர் அழுதே விட்டார்.

வீட்டுக்குப் போய் எல்லா நோட்டு லேபிளிலும் தன் பெயரைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இன்று சக்கரத்தில் தன்னைத் தேடினாள்.

சுற்றும்போது தெரியவில்லை. சரி, நிற்கட்டும்.

நின்றது. வேறு ஒரு பையன் எழுந்து போனான். அவள் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ம-வில் ஒன்று இருந்தது. அதற்குக் கொம்பு இல்லை.

ஜூன் மாதமே வகுப்பு டீச்சர் அவள் பெயரை அழித்துவிட்டார். முள் அவள் பெயரில் நின்ற அன்று, விடை தெரியாமல் அவள் நிற்க, வகுப்பே சிரித்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"பாவம், அந்தப் புள்ளைய எதுக்கு எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு வதைக்கணும்?"

நல்ல மனசு. நாசமாய்ப் போன நல்ல மனசு.

அவளிடம் யாரும் சொல்லவில்லை. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள், இன்றைக்கு நானா என்று.

மறுபடி சுற்றினார்கள். மறுபடி தேடினாள்.

மணி அடித்தது.

அடுத்த வாரம் சிறப்பு டீச்சர் வாயெல்லாம் பல்லாக வந்தார். புது எழுத்து அட்டைகளை மேசையில் பரப்பினார்.

அவள் எல்லாவற்றையும் அடுக்கி அவர் பக்கமே தள்ளினாள்.

"எனக்குப் படிக்க வரல டீச்சர். அன்னிக்கு சும்மா வாயில வந்திருச்சு."