ஒரு மணி நேர பேட்டரி

"சமீரு, இந்தப் பேட்டரிய நீயே வச்சுக்க. ரிமோட் கார் பேய் மாதிரி பறக்குது!"

சூளகிரி பேட்டரிக் கடைக்குள் நுழைந்ததுமே சத்தம் போட்டார் சென்னப்பன்.

"எல்லாரும் வேகம்தான் கேப்பாங்க, பெரியவரே."

"எனக்கு மெதுவாப் போகணும். ஆனா ஒரு மணி நேரம் நிக்கக் கூடாது. நின்னா நான் மாட்டிக்குவேன்."

"அப்ப வோல்ட் கம்மியா, எம்ஏஎச் அதிகமா உள்ளதப் போடணும். வோல்ட் குறைஞ்சா வேகம் குறையும். எம்ஏஎச் கூடுனா ரொம்ப நேரம் ஓடும்."

"நம்பர பெருசா அச்சடிச்சு ஏமாத்துறானுங்க. ஓட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்."

"பேரனுக்கா?"

பதில் சொல்வதற்குள் பைக்குள் இருந்த கார் மணியடித்தது. அதன் கூரையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த செல்போனை அவிழ்த்துக் காதில் வைத்தார்.

ஓசூரிலிருந்து மகன் கத்தினான்: "அப்பா, டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கத்தானே சொன்னாரு? நேத்து முப்பது கிலோமீட்டர் வேகத்துல போயிருக்கீங்கன்னு என் போன்ல காட்டுது!"

"புதுச் செருப்புடா!" என்றார் சென்னப்பன்.