தலைமாடு எந்தப் பக்கம்?

"கப்பல் இப்ப எந்தப் பக்கம் போகுது? உன் தலைமாடு எந்தப் பக்கம் இருக்கு?"

மனைவி பிரேமலா போனை ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் கேட்டதும் ஜெயபாலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகள் லோஷினி சரக்குக் கப்பலில் பயிற்சி மாணவி. திசை கணிப்பதும் கடல் வானிலையும் புத்தகத்தில் தலைகீழ்ப் பாடம். ஆனால் மேல்தளத்தில் நிற்க வைத்து ஆபீசர் கேட்டால், வடக்கு தெற்காகிவிடும். முதல் தேர்வில் ஃபெயில். மறுதேர்விலும் கோட்டை விட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி, கெலாங் பாத்தா வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

"முடியலம்மா, நானே வந்துடறேன்" என்று முந்தாநாள்தான் அழுதிருந்தாள்.

அந்தப் பிள்ளையிடம் போய்த் தலையணை விசாரணை!

"தெரியலையேம்மா..."

"வடக்கே தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு தெரியும்ல? பார்த்துச் சொல்லு. இல்லன்னா எனக்குச் சோறு இறங்காது."

"அலமாக்! அம்மா, இது கப்பல் லா. அடிக்கடி திரும்பும்."

"திரும்பினா நீயும் தலையணையைத் திருப்பு."

மறுமுனையில் மகள் கையை நீட்டி மடக்கிக் கணக்குப் போடுகிறாள் போலிருந்தது.

"கப்பல் மேற்கே போகுது. தலைமாடு கப்பலோட வலது பக்கம். அப்படின்னா... ஐயோ, வடக்கும்மா!"

"மாத்திப் படு."

போனை வைத்ததும் ஜெயபாலன் வெடித்தார்.

"நான் சங்கத்துல மைக் பிடிச்சு மூடநம்பிக்கைக்கு எதிரா பேசுறேன். நீ கப்பல் வரைக்கும் அதை ஏத்துமதி பண்றே! பிள்ளையைப் படிக்க விடுவியா மாட்டியா?"

"பெத்த மனசு கேக்கலைங்க."

ஆனால் பிரேமலா விடவில்லை. தினமும் போன், தினமும் தலைமாடு. பற்றாததற்குக் காற்றும் சேர்ந்துகொண்டது.

"தலைக்குக் குளிச்சியா? காத்து எந்தப் பக்கத்திலேர்ந்து வீசுது? சளி பிடிச்சிடும்."

"முன்னாலேர்ந்துமா."

"கப்பல் ஓடினா முன்னாலேர்ந்துதான் அடிக்கும். கடல் காத்து எங்கேர்ந்து வருது?"

"இருங்க, அலை எந்தப் பக்கத்திலேர்ந்து வருதுன்னு பார்த்துட்டு வரேன்."

ஜெயபாலன் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இவளிடம் மாட்டிக்கொண்ட கப்பல் கம்பெனியும் பாவம்தான் என்று நினைத்தார்.

போகப் போக லோஷினி முந்திக்கொண்டாள். அம்மா ஹலோ சொல்வதற்குள், "இப்ப தலைமாடு கிழக்கு, பயப்படாதீங்க. காத்து தென்மேற்கு. அந்தப் பக்கம் மேகம் கறுத்துக்கிட்டு வருது. மழை வரும், ஜன்னலைச் சாத்திட்டேன்" என்று சிரித்தாள். அழுது வடிந்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது.

"அப்பா! பாஸ்!"

ஜெயபாலன் அவசரமாகப் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆபீசர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிட்டேன்ப்பா. எப்படி இவ்வளவு வேகம்னு கேட்டார். எங்கம்மாவுக்குத் தினமும் தலையணைக் கணக்கு ஒப்பிக்கணும் சார்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார்."

சந்தோஷத்தில் ஜெயபாலன் கோழிக்கறியை இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்லை பிரேமா, உன் மூடநம்பிக்கையும் ஒரு தடவை உதவிடுச்சு" என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

படுத்தவருக்கு விளையாட்டாக ஓர் ஆசை. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, கட்டிலில் வைத்துத் தன் தலைமாடு எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பிரேமா! நம்ம தலைமாடு வடக்கு!"

"தெரியும்." பிரேமலா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். அங்கதான் ஃபேன் காத்து நல்லா வருது."

"அப்ப அவகிட்ட மட்டும்..?"

"தெரிஞ்சவங்க கேட்டா அவ பயந்து போறா. ஒண்ணும் தெரியாத அம்மா கேட்டா, பொறுமையா சொல்லித் தர்றா. என்ன கேக்கணும்னு யூடியூப்ல பார்த்துக்கிட்டேன்."

ஜெயபாலன் திசைகாட்டியை மூடி வைத்தார்.

"அவகிட்ட உளறிடாதீங்க" என்றாள் பிரேமலா. "இன்னும் ஃபைனல் பாக்கி இருக்கு."