நாற்பதாம் டோக்கன்

நர்ஸக்கா சொன்ன அந்தக் கதையை அவர் பல வருஷமாக நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் தைரியம் வந்ததில்லை.

பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை அவருக்கு. அடுத்தவர் போட்ட காற்புள்ளியைக்கூட ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். கதையை எப்படி நம்புவார்?

ஆனால் இனிமேல் தள்ளிப்போட முடியாது. நாளைக்கு டாக்டரம்மாவுக்கு நினைவுக் கூட்டம். பெரிய டாக்டர் என்று சொல்ல ஊரே இருக்கிறது. நல்ல அம்மா என்று சொல்ல ஒரே மகன் அவர்தான். பொய் சொல்லி மேடையிறங்க மனம் ஒப்பவில்லை.

விஷயம் இதுதான். வீட்டில் வேறு ஆள் இல்லாததால், சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அம்மாவின் கிளினிக்குக்குத்தான் போவார். அங்கே தினமும் நாற்பது டோக்கன். கடைசி டோக்கன் எப்போதும் அவருக்கு. காய்ச்சல் அடித்தாலும் சரி, முட்டி பெயர்ந்து வந்தாலும் சரி, முப்பத்தொன்பது பேர் உள்ளே போய் வந்த பிறகுதான் பெற்ற பிள்ளைக்கு முறை.

ஒருநாள் அழுதுகொண்டே கேட்டபோது, அங்கே டோக்கன் கொடுக்கும் நர்ஸக்கா சொன்னது: "உனக்குப் பின்னாடி யாரும் காத்திருக்கக் கூடாதுன்னுதான் உன்னைக் கடைசியா வெச்சிருக்காங்க, கண்ணு. உங்க அம்மாவே எழுதிக் குடுத்தது."

அழுகிற பிள்ளைக்கு யாரும் சொல்லக்கூடிய கதைதானே?

அன்று மாலையே நர்ஸக்கா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது நர்ஸக்காவின் மகள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவரைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, நாப்பது வந்திருக்காரு!"

அவர் விழித்தார்.

"வா தம்பி," என்றாள் நர்ஸக்கா, நாற்காலியில் இருந்தபடியே. "எங்கே உன் முடியெல்லாம்? சீப்பு உடையிற மாதிரி இருக்குமே!"

"அதெல்லாம் போயாச்சு நர்ஸக்கா. ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளு. கேக்காம உன்னால இருக்க முடியுமா?"

கேட்டார். கிழவி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

"அப்படியே உங்க அம்மாதான். ஸ்டெதஸ்கோப் வெச்சுக் கேட்டாத்தான் எதிர்ல இருக்கிறவன் உயிரோட இருக்கான்னே நம்புவாங்க. அடியே, அந்த மருந்துக்கடைச் சீட்டை எடு!"

மகள் பழைய டப்பாவிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மாவின் கையெழுத்து. முப்பது வருஷம் பிழை திருத்திய கண்ணுக்கே எழுத்தா, கோடா என்று பிடிபடவில்லை.

"எனக்கும் அன்னிக்கு அப்படித்தான்," என்றாள் நர்ஸக்கா. "வேலைக்குப் புதுசு. உங்க அம்மா குடுத்த சீட்டை ஏதோ மருந்தாக்கும்னு கடையில கொண்டுபோய்க் குடுத்தேன். அந்த மனுஷன் கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டு, 'இருமல் மருந்து, நாப்பது மில்லி'ன்னு ஊத்திக் குடுத்துட்டாரு!"

"ஐயோ!"

"பாட்டிலும் கையுமா வந்து நின்னேன். உங்க அம்மா தலையில அடிச்சுக்கிட்டு, எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டினாங்க. அந்த மனுஷனைக் கிண்டல் பண்றதுக்குன்னே இதைப் பத்திரமா வெச்சிருந்தேன். நீயும் கூட்டிப் படி."

அவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தாக அவிழ்ந்தது.

'40 மகனுக்கு. அவனுக்குப் பின் யாரும் வேண்டாம். அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு அம்மா உட்கார்ந்த அந்த நேரம் ஞாபகம் வந்தது. முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். பிறகு வீட்டுப்பாடம். பிறகு யார் யாரோடு சண்டை என்கிற விவரம். சில நாள் அரை மணி, சில நாள் ஒரு மணி. எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சிய நேரம் என்றல்லவா இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார்?

"இப்ப நம்பறியா?"

"நம்பறேன். நாளைக்கு இதைத்தான் பேசப் போறேன்."

"அப்ப எங்க வீட்டுக் கதையையும் சேத்துக்கோங்க," என்றாள் மகள், காப்பியை நீட்டிக்கொண்டே.

"உங்க வீட்டுக் கதையா?"

"எனக்கு அப்ப நாலு வயசு. அம்மா வந்ததும் 'ஏம்மா இவ்வளவு நேரம்?'னு கேப்பேன். 'நாப்பது இன்னும் வெளியே வரலைடி, அவங்க போனாத்தானே நான் பூட்டிட்டு வர முடியும்'னு சொல்வாங்க. தினமும் இதே பதில். யாரோ பெரிய சீக்காளி போலிருக்குன்னு நெனச்சேன். நாப்பதுக்குச் சீக்கிரம் குணமாகணும்னு தினமும் வேண்டிக்குவேன்!"

நர்ஸக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மறுநாளும் நாப்பது வந்துடும். இவளுக்குச் சாமி மேல கோபமான கோபம்!"

அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. காப்பியைக் கீழே வைத்தார்.

மூடிய கதவுக்கு உள்ளே இருந்ததுதான் இத்தனை வருஷமும் அவருக்கு ஞாபகம். வெளியே ஸ்டூலில், கையில் சாவிக் கொத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"இன்னும் என்ன தம்பி சந்தேகம்? கேளு."

அவர் மகளை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் நர்ஸக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த நேரமெல்லாம்... இவங்களை யார் பாத்துக்கிட்டாங்க நர்ஸக்கா?"