நாலாவது புழு

விளையாட வேண்டிய நாலாவது ஆள் வரவில்லை. அதனால், ஆட்டத்தை உருவாக்கியவனோடு கூட வந்திருந்த அவன் மனைவியையே உட்காரச் சொன்னார்கள்.

அவளுக்கு அசதி, முடியாது என்று கணவன் தடுத்துப் பார்த்தான். விளையாட்டுப் பெட்டிகள் தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் மேலாளரம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஆட்டத்தை இதுவரை பார்க்காத ஆளாக இருந்தால் போதும் என்றாள்.

அவள் பார்த்ததில்லைதான். ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு அட்டை வெட்டி ஒட்டியவன், அவள் எட்டிப் பார்த்தால் முழங்கையால் மறைப்பான். கூச்சம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. சோதனை ஆட்டம் நடக்கும்போது அதை உருவாக்கியவன் மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டியை வாங்குகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அவன் விளக்கிக்கொண்டிருக்கப் போகிறானா என்ன? ஒரு வார்த்தை பேசினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஐந்து கம்பெனிகள் திருப்பி அனுப்பிய பிறகு இது ஆறாவது. ஒப்பந்தத் தாள் மேலாளரம்மாவின் முழங்கைக்கு அடியில் தயாராக இருந்தது. அவன் பேனாவையும் குட்டி நோட்டையும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான். அந்த நோட்டு இல்லாமல் அவன் போகும் ஒரே இடம் குளியலறை.

மேசையில் ஒரு கணக்கு டீச்சர், ஒரு கல்லூரிப் பெண், ஒரு தாடிக்காரர். தாடிக்காரர் விதிகளைப் படித்துக் காட்டினார்.

ஆளுக்கு ஒரு கம்பளிப்புழு. இலை இலையாகத் தின்றுகொண்டே உச்சிக்கு ஏறினால் பட்டாம்பூச்சி. ஆனால் சில புழுக்களின் வயிற்றில் குளவி முட்டையிட்டிருக்கும். எத்தனை புழு என்று யாருக்கும் தெரியாது. அவரவர் சீட்டு அவரவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். எதிரில் இருப்பவர்களுக்குத்தான் முகம் தெரியும். முறை வரும்போது புலம்பல் சீட்டு ஒன்றை எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். குளவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மற்றவர்கள் பதிலுக்குப் பொய்ச் சீட்டு போட்டு, உனக்கு ஒன்றுமில்லை என்று நம்ப வைப்பார்கள். குளவி தன்னிடம்தான் என்று ஒரே ஒரு தடவை சொல்லலாம். சரியாக இருந்தால் ஜெயம், தப்பாக இருந்தால் அவுட்.

எதிரே இருந்த கணக்கு டீச்சரின் சீட்டில் குளவி இருந்தது. டீச்சர் முதல் புலம்பலைப் படித்தாள்.

‘ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குது.’

எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகமாகச் சிரித்தாள். அது அவள் வார்த்தை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து கணவனிடம் சொன்னது.

அடுத்தது கல்லூரிப் பெண். ‘சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது.’ அதுவும் அவளுடையதுதான்.

பதினாறு வருடமாக, தான் பேசுவது இந்த மனுஷன் காதில் விழுகிறதா இல்லையா என்றே தெரியாமல் குடித்தனம் நடத்தியவள் அவள். இன்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சருக்கு இரண்டு பொய்களைக் குஷியாகப் போட்டாள்.

அவள் முறை வந்தது.

‘வயித்துக்குள்ள யாரோ நடமாடுற மாதிரி இருக்கு.’

மேசையே குலுங்கியது. இதுதான் இருப்பதிலேயே பிரமாதம் என்றார் தாடிக்காரர். கல்லூரிப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பொய்ச் சீட்டை அவள் முன்னால் வைத்தாள்.

‘டாக்டரே சிரிச்சுட்டார். இதுக்குப் போயா இவ்வளவு பயம்னு கேட்டார்.’

போன மாதம் ஸ்கேன் முடிவை வாங்கி வர அவன் தனியாகத்தான் போனான். திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னது இது. எழுத்து மாறவில்லை.

டீச்சர் தன் பொய்ச் சீட்டைப் போட்டாள். ‘ரத்தம் கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான்.’

தாடிக்காரரும் போட்டார். ‘அடுத்த வருஷம் எங்கேயாவது ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்.’

இது போன ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னது.

அவள் அந்தச் சீட்டைப் புரட்டினாள். மூன்றையும் புரட்டினாள். முதுகில் ஒரே வார்த்தைதான், அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில்: பொய்.

மூலையைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“குளவி என்கிட்டதான்” என்றாள்.

மூன்று பேரும் கைதட்டிக் கூத்தாடினார்கள். கல்லூரிப் பெண் அவளுடைய புழுச் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். நீலப் பட்டாம்பூச்சி. இப்படியா அக்கா அவசரப்படுவது, உங்களுக்கு ஒன்றுமே இல்லையே, அநியாயமாகத் தோற்றுவிட்டீர்களே என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இன்னும் எவ்வளவு நாள்?”

மேலாளரம்மா அவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். ஆட்டம் இன்னும் முடியவில்லை.

அவன் அந்த விரலைப் பார்த்தான். அதற்குக் கீழே இருந்த ஒப்பந்தத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கண் கலங்கத்தான் செய்தது. வாயைத் திறக்கவில்லை.

பிறகு குனிந்து, அவள் கேட்டதை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் குறித்துக்கொண்டான்.